சித்தி வெளிநாட்டில் இருந்த வருடம்

நாகல்நகர் தெருமுனையில், மின்கம்பத்துக்கும் டீக்கடைக் கூரைக்கும் நடுவே கட்டியிருந்த ஃபிளக்ஸில் சித்தி கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு விமானம். பக்கத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. கீழே, ஆப்பிரிக்கா சென்று தொண்டாற்றப் புறப்படும் எங்கள் அன்பு ஆசிரியையை வாழ்த்தி வழியனுப்புகிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் புகைப்படத்தை எடுத்தது நான்தான். ஒட்டகச்சிவிங்கி வேண்டாம் என்று ஃபிளக்ஸ் கடைக்காரரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதற்குத் தனியாகக் காசு எதுவும் வாங்கவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு குடும்பத்தில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருந்துவிட்டால் அவள் எல்லாருக்கும் பொதுச்சொத்து ஆகிவிடுகிறாள். யாருக்குப் பிரசவம் என்றாலும் சித்தி, யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் சித்தி, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு வெங்காயம் உரிக்கவும் சித்தி. தாத்தா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியவள் அவள்தான். "பாப்பா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று மாமா ரெட்டியார்சத்திரத்திலிருந்து போன் போட்டால், மறு பஸ்ஸில் சித்தி அங்கே இருப்பாள். மாமா அவளுடைய அண்ணன். தென்னந்தோப்பும் முருங்கையுமாக விவசாயம் பார்ப்பவர். தலை நரைக்கத் தொடங்கியிருந்த தங்கையை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாள் இணைப்பை மடித்து என் மடியில் போட்டாள் சித்தி. வெளிநாடுகளில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு வருடம் ஊர் சுற்றுகிறார்கள், தெரியாத நாட்டில் போய்ச் சேவை செய்கிறார்கள் என்று அதில் இருந்தது. "படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல ஒரு வருசம் சும்மா விடுறாங்களாம்டி. எனக்கு யாரு விட்டா? எனக்கு அப்புடி ஒண்ணு இன்னும் பாக்கியிருக்கு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் என் செல்போனில் உலக வரைபடத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தோம். கன்னியாஸ்திரிகள் சிலர் தான்சானியாவில் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் பள்ளி நடத்துவதாகத் தெரியவந்தது. அங்கே எட்டு மாதம் பாடம் சொல்லிக்கொடுப்பது, மீதி மாதங்களில் ஏரிகளையும் கடற்கரை ஊர்களையும் பார்ப்பது என்று திட்டம். சித்தி அந்த நாட்டு வணக்கத்தைக் கற்றுக்கொண்டு, காலையில் பால்காரரிடம் "ஜம்போ" என்றாள். கூட்டல் கழித்தலுக்குப் பட அட்டைகள் வரைந்தாள். கயிறுகள், வண்ண நூல்கண்டுகள், பாட்டுகள் எல்லாம் ஒரு பையில் சேர்ந்தன. சோறு வடிக்கும்போதே சட்டென்று நின்று, "அங்கன மழை பேஞ்சா மண்ணு எப்புடி வாசம் அடிக்கும்?" என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அந்த மழை எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து போனது மாதிரிதான் இருக்கும். ஏன் அவ்வளவு தூரம் என்று ஒருநாள் கேட்டதற்கு, "அங்கன இருந்தா யாரும் என்னைய ஒரு எட்டு வந்துட்டுப் போன்னு கூப்புட முடியாதுல்ல" என்றாள்.

பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. வாடகை வீட்டைக் காலி செய்தாள். பிறகு, எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தவறைச் செய்தாள். அந்த நாட்டில் தங்கிப் பாடம் நடத்துவதற்கான அனுமதி கையில் வருவதற்குள் சொல்லிக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாகப் போய், காப்பி குடித்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு வந்தாள். பூசையில் பங்குச் சாமியார் அவளுக்காக மன்றாடச் சொன்னார். பங்கு மக்கள் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். ஃபிளக்ஸும் ஏறியது. அதற்கடுத்த வாரம் அங்கிருந்து தகவல் வந்தது: அனுமதி தாமதமாகும், பொறுத்திருங்கள்.

சொல்லிக்கொண்டு கிளம்பியவர் பயணம் போகாமல் அதே வாசலில் மறுபடி போய் நிற்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. அதைவிட, "இன்னும் போகலையா?" என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது? பழனி சாலைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டு மாடி அறைக்கு சித்தி பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். ஞாயிறு பூசைக்குக்கூட வேறு பங்குக் கோயிலுக்குப் போய், முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பாள். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று வந்தது. மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "பாப்பாவும் ஊர்ல இல்ல. நாங்களே பாத்துக்கிறோம், நீங்க அலைய வேணாம்." சித்தி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை செருப்பை மாட்டப் போய்த் திரும்பி வந்தாள். அந்த நாட்களில் மாமாவே கஞ்சி காய்ச்சினார் என்றும், மருமகள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள் என்றும் பிறகு கேள்விப்பட்டோம். அத்தை நல்லபடியாக வீடு திரும்பிய அன்று சித்தி, "நான் இல்லாமலே நடந்துருச்சுல்லடி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அது துக்கமா சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மறுநாளிலிருந்து அவள் வெளியே கிளம்பினாள். சொந்தக்காரர் யாரும் இல்லாத திசையாகப் பார்த்து பஸ் ஏறுவாள். ஜன்னலோரச் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தை நான் கூடப் போன நாட்களில் பார்த்திருக்கிறேன். பிறந்து வளர்ந்த மண்ணை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறவள் போல, சோளக்காட்டையும் கற்றாழை வேலியையும் தூரத்தில் நீலமாகக் கிடக்கும் சிறுமலையையும் கண் கொட்டாமல் பார்ப்பாள். அய்யலூர்ச் சந்தையில், விடிந்தும் விடியாத பனியில், ஆயிரம் ஆடுகள் ஒரே குரலாகக் கத்த, வியாபாரிகள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "வெளியூருங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் மலர்ச்சி இருக்கிறதே! என் பக்கம் சாய்ந்து, "நாம இப்ப வெளிநாட்டுல இருக்கோம்டி" என்று கிசுகிசுப்பாள். பனியில் எனக்கும் அது உண்மை போலவே தோன்றும்.

எரியோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம்தான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். அம்மாக்கள் நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வரும்வரை நிழற்குடையில் விளையாடிக்கொண்டிருந்த கூட்டம் அது. சித்தி கைப்பையிலிருந்து ஒரு பட அட்டையை எடுத்துக் காட்டினாள். மறுநாள் கயிற்றையும் நூல்கண்டையும் எடுத்துப் போனாள். பிறகு தினமும் போனாள். ஊர்க்காரர்கள் சமுதாயக்கூடத்துச் சாவியைக் கொடுத்தார்கள். தான்சானியாவுக்காகச் சேர்த்த பாட்டும் கணக்கும் விளையாட்டும் அங்கே இறங்கின. பஸ் திருப்பத்தில் தெரிந்ததுமே புழுதிக்குள்ளிருந்து "ஜம்போ டீச்சர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். இந்த வருடம் அனுமதி கிடைக்காது என்று கடைசியாகத் தகவல் வந்த அன்றும் சித்தி அந்த பஸ்ஸைப் பிடித்துப் போனாள். திரும்பி வந்ததும் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அவளுக்கு வலித்திருக்கும். வலிக்காமல் எப்படி?

ஒருநாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். சந்தையில் ஆடு பிடித்துக்கொண்டு குட்டியானை வண்டியில் வந்த மாமா அந்தப் பிள்ளைகளின் கிராமத்தில் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். பிள்ளைகள் சூழ நடுரோட்டில் நின்ற சித்தியை நேருக்கு நேர் பார்த்தாராம். கிளாஸில் இருந்த மிச்ச டீயை ஊற்றிவிட்டு, "வண்டிய எடப்பா" என்று டிரைவரிடம் சொல்லி ஏறிக்கொண்டாராம். "அண்ணனுக்குக் கண்ணுல புரை விழுந்துருக்குல்ல, அதான் அடையாளம் தெரியல" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விடுப்பு முடிகிற சமயத்தில் சித்தி ஊர் திரும்பப்போவதாக அம்மா சொல்லிவைத்தாள். மாமா வீட்டில் கறிச்சோறு விருந்து. எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தி உட்கார்ந்ததும் ஒரு சின்னப் பெண் மட்டும், அங்கே யானை பார்த்தீர்களா என்று கேட்டாள். சித்தி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் போகவே இல்லண்ணே. இம்புட்டு நாளும் இங்கனதான் இருந்தேன்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும் பாப்பா" என்றார். "உன் மதினி ஆபரேஷனுக்கு முந்தியே தெரியும். நீ முக்காடு போட்டு நின்ன கோயில்ல மணியடிக்கிறவன் நம்ம பயதான. இங்கன எல்லாருக்கும் தெரியும். யாரும் கூப்புடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிவச்சேன். அப்பனப் பாத்துப் பாத்து நீ தேஞ்சது போதும்த்தா."

சித்தி இடதுகைப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துத் தாங்க முடியாத அத்தைதான் குழம்புச் சட்டியோடு முன்னால் வந்தாள். "சரி, அதான் வந்துட்டீல்ல. நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். மருமகளுக்கு மாசம் நெருங்குது, எனக்கும் இடுப்பு வலி தாங்கல."

"நாளைக்கு முடியாது மதினி" என்றாள் சித்தி. "பள்ளிக்கூடம் விட்டதும் எரியோட்டுக்குப் போகணும். பிள்ளைங்க காத்துக் கெடக்கும். ஞாயித்துக்கெழம வாரேன்."

அவள் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை எங்கள் குடும்பம் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை ஒரு கணம் மாமாவைப் பார்த்தாள். பிறகு சித்தியின் இலையில் இன்னும் ஒரு கரண்டி கறி வைத்து, "ஞாயித்துக்கெழமயே வா" என்றாள்.

சித்தி ஓய்வு பெற்றுவிட்டாள். தான்சானியாவுக்கு அவள் போகவே இல்லை. இப்போதும் சாயங்காலங்களில் அவளைத் தேடி யாராவது போன் செய்தால், எங்கள் வீட்டில் யார் எடுத்தாலும் ஒரே பதில்தான்: "சித்தி வெளிநாட்டுல இருக்கு, ராத்திரி வந்ததும் பேசச் சொல்றேன்." எந்த நாடு என்று சொந்தத்தில் ஒருவரும் கேட்பதில்லை.