கதவில் எழுதிய நாலு

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறவன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை யாராவது பிரமை என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஊசி பிடித்தது இந்தக் கைதான்.

ஐம்பத்தொன்று, மாசி மாதம். எத்திராஜ் என்றால் அன்று எல்லோருக்கும் தெரியும். அம்மை குத்துகிறவன். திருவொற்றியூருக்கு வடக்கே கடலோரக் குப்பங்கள் எல்லாம் என் ஒருவன் தலையில். தோளில் ஒரு பிளாஸ்க். அதற்குள் மீன் ஏலத்தில் பல்லைக் காட்டி வாங்கிய ஐஸ். ஐஸுக்கு நடுவே கண்ணாடிக் குழாயில் அம்மைப்பால்.

ஒரு வீட்டில் எல்லோருக்கும் குத்தியதும், எத்தனை பேர் என்று கதவில் சாக்பீஸால் எழுதுவோம். இன்ஸ்பெக்டர் வந்தால் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். யார் கையையும் பார்க்க மாட்டார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். நீலா வீட்டுக்கு வந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது. அவள், புருஷன், மாமியார், மூன்று வயதுப் பெண். குத்தாமலே '4' என்று எழுதினேன். நாளைக்கு வந்து குத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பாவி.

மறுநாள் மருந்து வரவில்லை. என்னைச் சடையங்குப்பம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர இருபத்திரண்டு நாள் ஆனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6.20. ஒரு கைக்கான மருந்துக் குழாய் ஒன்றுதான் மிச்சம். அது செல்லம்மாவின் எட்டு மாதக் குழந்தைக்கு. போன தடவை அதற்குக் காய்ச்சல் என்று விட்டிருந்தேன். செல்லம்மா நீலாவுக்கு அடுத்த வீடு. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

"தூங்குது நைனா. எய்ப்பி எடுத்துகினு வரேன். பூடாத!"

"சீக்கிரம் வாம்மா."

உள்ளே ஓடினாள். நான் நீலா வீட்டு வாசலில் நின்றேன். விளக்கு இல்லை. அடுப்புப் புகை இல்லை. பிளீச்சிங் பவுடர் வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

கிறீச்...

கதவு ஒரு சாண் திறந்தது.

"கதவுல நாலுன்னு எய்திட்டு பூட்டியே நைனா. குத்தவே இல்லியே."

நீலாவின் குரல். முகம் தெரியவில்லை.

இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. குழாயை உடைத்தேன். மருந்தை வைத்தேன். வட்டப் பல்லுள்ள ஊசியை அதன்மேல் வைத்துத் திருகினேன்.

கர்ர்... கர்ர்...

இரண்டு இடம். பிள்ளை அழவில்லை. ரத்தம் வரவில்லை. கை ஜில்லென்று, மரம் மாதிரி இருந்தது.

மணி 6.27.

"இன்னும் மூணு பேரு கீறோம் நைனா..."

இருட்டிலிருந்து...

இன்னொரு கை.

இன்னொன்று.

இன்னொன்று...

"யாராண்ட பேசிகினு கீற?"

திரும்பினேன். செல்லம்மா. இடுப்பில் குழந்தை.

மறுபடி கதவைப் பார்த்தேன். பூட்டு. அதன்மேல் அரக்கு முத்திரை.

"அந்த வூட்ல நாலு பேரும் அம்மைல செத்துப்பூட்டாங்க நைனா. கொழந்ததான் கடசி. வெள்ளிக்கெயம." குழந்தையின் கையை நீட்டினாள். "குத்து."

குழாயைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அடுத்த மருந்து வருவதற்குள் அந்தக் குழந்தையும் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து நீலா வீட்டைப் பிரித்தார்கள். நானும் போயிருந்தேன். கதவைக் கழற்றி மணலில் மல்லாத்திப் போட்டார்கள். பூட்டியிருந்த கதவு. அதன் உள்பக்கத்தில், ஒரு குழந்தையின் தோள் உயரத்தில், வட்டமாக இரண்டு கீறல்கள். அவற்றின்மேல் மருந்து காய்ந்து வெள்ளையாக இருந்தது.

செல்லம்மா குனிந்து அந்தக் காய்ந்த மருந்தை விரலால் தடவினாள்.

"இது என் கொழந்தயோடது நைனா," என்றாள்.