வெள்ளிக்கிழமை மார்ஷ்மெலோ

என் பேரன் படிக்கும் பாலர் பள்ளி, ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. சென்ற மாதம் அங்கே ஒரு வாரம் முழுவதும் சூடான சாக்லெட்தான் பாடம். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தட்டில் பரப்பிய கொக்கோத் தூளில் விரலால் எழுத்துப் போட்டார்கள். கொக்கோவைத் தண்ணீரில் குழைத்து யானை வரைந்தார்கள், வரைந்த விரலை நக்கியும் பார்த்தார்கள். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். சாக்லெட் துண்டு குளிர்ந்த பாலில் கிடப்பதையும் வெதுவெதுப்பான பாலில் கரைவதையும் காட்ட, வெள்ளிக்கிழமை என்னை வரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கைவேலை இருந்தது. பழுப்புத் தாளில் வெட்டிய கோப்பையின் மேல், பிள்ளைகள் பஞ்சு உருண்டைகளை இடுக்கியால் எடுத்து ஒட்ட வேண்டும். பஞ்சுதான் சூடான சாக்லெட்டில் மிதக்கவிடும் மார்ஷ்மெலோ மிட்டாய். சாப்பிடும் பொருள் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்குப் பஞ்சு போதவில்லை. முந்திய வாரம் வந்த வேறொரு பையனின் தாத்தா, காதிலிருந்து நாணயம் எடுக்கும் வித்தை காட்டியிருக்கிறார். என் பேரன் வீட்டில் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையான மார்ஷ்மெலோ ஒரு பாக்கெட் வாங்கினேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டு, பாக்கெட்டை, மாடியிலிருந்து நேராகக் கீழே போகும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன்.

வகுப்பில் சாக்லெட் நன்றாகவே கரைந்தது. ஒரு பிள்ளைக்குக் கை கழுவிவிட ஆசிரியை தொட்டிப் பக்கம் திரும்பினார். நான் டப்பாவைத் திறந்தேன். எல்லாக் கைகளும் என்னை நோக்கி நீண்டன. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஒரு சிறுமி மட்டும் நான் கொடுத்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஐந்து வயது இருக்கும். பேரனோடு மின்தூக்கியில் அடிக்கடி பார்க்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை.

"தாத்தா, இது ஹலாலா?"

"ஆமாம்மா, ஹலால்தான். சாப்பிடு."

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு வேணாம்மா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

நான் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்கிறது. ஜெலட்டினை மாட்டு எலும்பிலிருந்தும் எடுப்பார்கள், பன்றித் தோலிலிருந்தும் எடுப்பார்கள். இதைப் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் சைவம். அதனால்தான் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. என் நாக்கைப் பற்றி அவ்வளவு யோசித்தவன், ஒரு குழந்தை கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்தப் பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருந்ததா என்ற கேள்வி வந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். அலமாரியில் ஒரே மாதிரி இளஞ்சிவப்பில் இரண்டு பாக்கெட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் ஹலால் முத்திரை இருந்தது, மற்றதில் இல்லை. நான் எதை எடுத்தேன்? எவ்வளவு நேரம் நின்றும் நினைவுக்கு வரவில்லை. கடைப் பையனிடம் கேட்டேன். அவன் இரண்டும் ஒரே விலைதான் அங்கிள் என்றான்.

பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே கீழே போய் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஹலால் ஒருபுறம் இருக்கட்டும், யார் தொண்டையிலாவது சிக்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மற்ற பெற்றோர்களிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

"அவ உம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா சரியா இருக்காது."

நடைபாதைத் தூணருகே காத்திருந்தேன். சிறுமியின் தாய் வேலையிலிருந்து நேராக வந்தார், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். உங்கள் மகள் ஹலாலா என்று கேட்டாள், அது என்னவென்று தெரியாமலே ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அது எந்தப் பாக்கெட் என்று இப்போதும் தெரியவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவர் மகளிடம் குனிந்தார்.

"சாப்பிட்டியா?"

சிறுமி பையைத் திறந்து தாள் கோப்பையை எடுத்தாள். மேலே வரிசையாகப் பஞ்சு உருண்டைகள். நடுவில் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, பசையில் அழுந்தி ஒட்டியிருந்தது.

"தாத்தா சாப்பிடல," என்றாள் தாயிடம். "அதான் நானும் சாப்பிடல. ஒட்டிட்டேன்."

தூணைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் சொல்லை நம்பவில்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வகுப்பறைகளில் வாழ்நாளெல்லாம் நான் சொன்னதை நம்பச் சொல்லித்தான் பழக்கம்.

தாய் முகத்தில் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் உதட்டோரம் லேசாகச் சிரித்தார்.

"வந்து சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி. அடுத்த வாட்டி பஞ்சே போதும் லா, அங்கிள்."

சரி என்றேன். அந்த இளஞ்சிவப்புத் துண்டை நானே பிய்த்து எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். கோப்பையின் நடுவில் தாள் கிழிந்து ஓர் இடம் வெறுமையாகத் தெரிந்தது. சிறுமி அதையே பார்த்தாள்.

"இப்ப என் கப்புல ஒண்ணு குறையுது."

மறுநாள் காலை மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து உருட்டினேன். பேரன் பசைப் புட்டியைத் தூக்கிக்கொண்டான். இரண்டு மாடி இறங்கி அவர்கள் கதவைத் தட்டினோம். அவளே திறந்தாள். உருண்டையை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பஞ்சுதான் என்று உறுதியான பிறகே ஒட்டினாள்.