எங்கள் ஊர் மாப்பிள்ளையின் முழங்கால்

அந்த ரஷ்யரைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை வேறு மாதிரியும் சொல்லிப் பழகியிருக்கிறேன். அதில் அவரைக் கெடுத்தது ஒரு இடைத்தரகன், இல்லாவிட்டால் அவருடைய தலைவிதி. கேட்பவர்களும் உச்சுக்கொட்டிவிட்டுத் தேநீர் குடிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டு மேல் அறையில் அவர் குடியிருந்தார். நான் சுப்பர்வைசராக இருந்த பாண் சுடும் தொழிற்சாலையில் அவருக்குத் தட்டுக் கழுவும் வேலை. பதினேழு வயதில் ஏதோ ஒரு ஆற்றங்கரை நகரத்துத் தொழிற்சாலை அணியில் தொடங்கி, பிறகு இராணுவ அணி, பிறகு முதற்பிரிவுக் கிளப் என்று பன்னிரண்டு வருடம் கால்பந்தில் பின்வரிசையில் நின்ற மனிதர். நாடு உடைந்து சில வருடத்தில் கிளப்பும் உடைந்தது. லண்டனில் பெரிய கிளப் காத்திருக்கிறது என்று ஆசை காட்டிக் கூட்டிவந்த இடைத்தரகன், விமான நிலைய வாசலிலேயே மாயமாகிவிட்டான். போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களையும் ஏஜென்சிக்காரர்கள் இப்படி நட்டாற்றில் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இரக்கப்பட்டு அறை கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதில் என்னுடையது கொஞ்சம் மேல். தன் உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு ஆங்கிலம் தாராளமாக வரும். மூக்கு இரண்டு முறை உடைந்திருக்கிறது, விலா எலும்பு ஒரு முறை. வலது முழங்காலைத் தட்டிக் காட்டி, இதில் ஒரு கீறல்கூட இல்லை என்பார். ஓடி முட்டுகிறவன் நல்ல பின்வரிசைக்காரன் அல்ல, பந்து வரப்போகும் இடத்தில் முன்பே போய் நிற்கிறவன்தான் நல்லவன் என்பது அவருடைய கொள்கை. என் மனைவியின் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தலையும் உப்புப் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி அதை விளக்குவார்.

அவருக்காக என் மனைவி ஆங்கிலத்தில் எழுதிப்போட்ட கடிதங்களில் ஒன்றுக்குக் கடைசியில் பதில் வந்தது. நகரத்துக்கு வெளியே, கீழ்ப்பிரிவில் ஆடும் ஒரு சிறிய கிளப். இரண்டு வாரம் அவர்களோடு பயிற்சி எடுத்தார். மனேஜருக்குப் பிடித்திருந்தது. வருகிற வியாழக்கிழமை ஒரு பயிற்சி ஆட்டம், அதில் சரியாக ஆடினால் ஒப்பந்தம், வேலை அனுமதிக்குக் கிளப்பே மனுப் போடும் என்றார்கள். அதுவரை வேறு எங்கும் ஆடுவதில்லை என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு முப்பது வயது. இது போனால் தட்டுக் கழுவுவதுதான் என்று அவரே சொன்னார்.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிறுதான் எங்கள் பகுதி ஊர்க்காரர்கள் லண்டனில் நடத்தும் கோடைக்கால விளையாட்டுவிழா. எங்கள் ஊர் அணிக்கு நான் பொறுப்பு. இறுதியாட்டம் பக்கத்து ஊரோடு. ஊரிலே ஒரு ஒழுங்கை, ஒரு ஒடுக்கமான சந்துதான் எங்களைப் பிரித்தது. லண்டனுக்கு வந்தும் அந்த ஒழுங்கையை நாங்கள் விடவில்லை. எங்கள் பின்வரிசையில் ஒருவருக்கு ஞாயிறு ஷிப்ட், மற்றவருக்குத் தொந்தி. முந்தின வருடம்தான் சண்டையில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து போயிருந்தது. வீடுகளில் ஒரு சனமும் இல்லாத ஊருக்கு எனக்கு ஒரு கப் வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

எங்களுக்கு ஆடும்படி ரஷ்யரைக் கேட்டேன். முடியாது என்று தலையாட்டினார், கையெழுத்தை நினைவூட்டினார். அப்போது நான் செய்ததுதான் கேவலம். எட்டு மாதம் எங்கள் மேசையில் சாப்பிட்டதை, என் மனைவி எழுதிய கடிதங்களை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டினேன். சொல்லிக்காட்டுவதற்கு அரைகுறை ஆங்கிலமே போதும்.

"அந்த மனிசனை விடுங்கோ. அவற்ற பிழைப்பெல்லே அது," என்றாள் மனைவி.

"ஒரு மட்ச்தானே. உந்தப் பார்க்கில ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

ஊரில் பிறந்தவர்களும் ஊரில் பெண் எடுத்தவர்களும் மட்டும்தான் ஆடலாம் என்பது விழாவின் விதி. பக்கத்து ஊர்ச் செயலாளர் ரஷ்யரின் செம்பட்டைத் தலையை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணை, இவர் எந்த வீடு?"

"எங்கட ஊர் மாப்பிள்ளை."

"தாலி கட்டின படம் கொண்டுவந்தனீங்களோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்போடு விட்டுவிட்டார்கள். அவர் ஆடியதைப் பார்த்தபிறகு கொத்துரொட்டிக் கடைக்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றார். ஒருவரையும் தொடாமல், அவசரப்படாமல், பந்து வரும் இடத்தில் எல்லாம் முன்பே நின்றார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆத்திரம் தாங்காத ஒருவன் பக்கத்திலிருந்து சறுக்கி வந்து அவருடைய வலது காலை வாரினான். எழுந்தார். மிச்ச நேரமும் நின்றார். நாங்கள் வென்றோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம். இறக்கிவிடும்படி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் கூத்தாடிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் முழங்கால் இளநீர்க் கோம்பை அளவுக்கு வீங்கியிருந்தது. டொக்டரிடம் போக மறுத்தார். மனைவி ஐஸ் வைத்தாள், என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமை அவர் பண்டேஜை இறுக்கிக் கட்டி, மேலே நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டார். நான் காரில் கூட்டிப்போனேன்.

கால் மணித்தியாலம் தாங்கினார். அந்தக் கால் மணித்தியாலத்தில் அவரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. பிறகு ஒரு பக்கம் திரும்ப முயன்றவர் அப்படியே விழுந்தார். கத்தவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள்.

மனேஜர் வேலியோரம் நின்ற என்னிடம் நேரே வந்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். நீங்கள் அவரோடு இருக்கிறவர், உண்மையைச் சொல்லுங்கள், இந்தக் காயம் புதிதா பழசா? புதிதென்றால் எப்படி வந்தாலும் பரவாயில்லை, எங்கள் டொக்டர் பார்ப்பார், நான் காத்திருப்பேன், இப்படி ஒரு ஆள் எனக்கு வேண்டும். பழைய காயத்தை மறைத்துக்கொண்டு வந்திருந்தால் என்னால் எடுக்க முடியாது.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

ஊரில் இராணுவம் மறித்து விசாரிக்கும் சென்றிப் பொயின்ற்றுகளில் பழகிய வாய் அது. அதிகாரத்தில் இருப்பவன் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லி உயிர் தப்பிய வாய். கேள்வி முடியமுன்பே பதில் வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பழியையும் வாயின்மேல் போட முடியாது. மனேஜர் உடனே போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் சொல்வேன் என்று காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, என் வற்புறுத்தல், என் பிழை. மூன்றையும் சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது. வெட்கத்தில் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

காரில் ஏறியதும், மனேஜர் என்னிடம் என்ன கேட்டார் என்று ரஷ்யர் விசாரித்தார். காயத்தைப் பற்றி, என்றேன். நீ என்ன சொன்னாய்? தெரியாது என்று சொன்னேன்.

அவர் வலது காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டியரிங்கில் இருந்த என் கையைத் தட்டினார். நல்லது, என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆடியதைச் சொல்லியிருந்தால் கையெழுத்தை மீறினவன் என்று என் பெயர் கெட்டிருக்கும். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நன்றி.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் இன்னும் ஏழு மாதம் இருந்தார். தொழிற்சாலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தட்டுக் கழுவினார். ஒவ்வொரு நாளும் ஒரே காரில் போய்வந்தோம். புதிய காயமென்றால் எப்படி வந்தாலும் காத்திருப்பேன் என்று மனேஜர் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.