மையத்துக் கிடைக்காத நட்சத்திரம்

சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். சண்டை முடிந்த மறுவருஷம், பெப்ரவரி மாதம், கல்முனைக் கடற்கரையில் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமலே சனத்துக்கு நட்சத்திரம் காட்டியவன் நான்தான். அது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததும் உண்மை. அதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

இரவில் கரையில் பயமில்லாமல் நிற்கலாம் என்று ஆகியிருந்த காலம். இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். பௌதிகம் படிப்பிக்கும் எனக்கு அது பெரிய மேடை. திருவாதிரையைக் குறிவைத்து, “சூரியனை விடப் பலமடங்கு பெரிசு. இதுக்கு மௌத்துக் கிட்டிட்டு,” என்று அதன் சாவை முழங்கினேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்றார்கள். தேத்தண்ணிக் கடை ஹஸன் காக்காதான் மூடியைத் தட்டிக் காட்டினார்.

“இதுக்கா மாஸ்டர் புள்ளையளக் கூட்டி வரச் சொன்ன? இருட்டு எங்கட ஊட்டயும் இரிக்கி.”

கடற்கரையே சிரித்தது. சிரித்துக்கொண்டே கலைந்தது. தலை நிமிராமல் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். மணி எட்டேகால்.

நிமிர்ந்தேன். ஒருவர் இன்னும் வரிசையில் நின்றார். வரிசையே இல்லை... அவர் மட்டும்.

சாரன் உடுத்திருந்தார். காலில் செருப்பில்லை. நான் அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளையாக இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான். எல்லா முகமும் தெரியாது.

“மையத்து இல்லாம, நட்சத்திரம் மௌத்து எண்டு எப்படிச் சொல்லுவாங்க?”

சடலம் இல்லாமல் சாவை எப்படி உறுதிப்படுத்துவது? அன்றைக்கு வந்த ஒரே நல்ல கேள்வி. எனக்கு உயிர் வந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பதைச் சொன்னேன். ஒரு நாள் அதில் ஒரு நட்சத்திரம் வெடித்த பெருவெளிச்சம் புதிதாகத் தெரியும். அந்த வெளிச்சத்தை நிறங்களாகப் பிரித்து, உள்ளே என்னென்ன இருந்தன என்று படிப்பார்கள். தணியும் வரைக்கும் காத்திருப்பார்கள். பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முன்பு அங்கே இருந்தது இப்போது இல்லையென்றால், மௌத்து உறுதி. செத்தது எப்போதோ. வெளிச்சம் நமக்கு வந்து சேர்ந்த வருஷத்தைத்தான் கணக்கில் எழுதுவார்கள்.

“செய்தி வரும் வரைக்கும்?”

“நமக்கு அது உயிரோடதான்.”

எங்கோ தண்ணீர் சொட்டியது. டக்... டக்... அவர் காலடியில் மணல் காய்ந்துதான் கிடந்தது.

“ஒருத்தி இரிக்கா. புருஷன் மௌத்தில்ல எண்டு சொல்றா. ஊர், மௌத்து எண்டு சொல்லுது. ஆர் சரி?”

யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஸுல்பிகா. சுனாமி கொண்டுபோன புருஷன் மீராசாவின் மையத்துக் கிடைக்கவில்லை. அதனால் ஐந்து வருஷமாக அவள் இத்தா இருக்கவில்லை. புருஷன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் கடமை அது. அண்ணன்மார் வேறு கலியாணம் பேசினாலும், “அவரு வருவாரு,” என்பாள். ஊர் சிரிக்கும். நானும் சிரித்தவன்தான்.

இவர் பெண் கேட்டு வந்தவராக்கும் என்று நினைத்தேன். பட்ட அவமானத்துக்கு யாரையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

“அஞ்சு வருஷமா ஆளில்ல. பிறகென்ன, மௌத்துத்தான். நீங்களே போய்ச் சொல்லுங்க. மாஸ்டர் அனுப்பின எண்டு சொல்லுங்க.”

சிரித்தேன்.

நான் மட்டும்.

“ஒருக்காப் பாக்கட்டா?”

குனிந்தார். வெகுநேரம்... குனிந்தபடியே.

“ஓம்,” என்றார். “ஆளில்ல.”

மூடி... போட்டபடியே இருந்தது. சொல்ல வாய் திறந்தேன்.

யாருமில்லை.

மணலில் என் காலடி மட்டும்.

மறுநாள் ஹஸன் காக்காவிடம் கேட்டேன். கடைசியாக நின்றவர் யார்? “சீனி காணுமா?” என்று தேத்தண்ணியை நீட்டினார். ஆட்டோக்காரன் குணத்திடம் அவரது அங்க அடையாளம் சொன்னேன். “அந்த இடத்தில இனி நிக்காதீங்க மாஸ்டர்,” என்று ஆட்டோவைக் கிளப்பினான்.

அன்று பின்னேரம் என் மனைவி கமீலா சொன்னாள். “ஸுல்பிகா ராத்தா ராவோட ராவா வெள்ளை உடுத்திட்டா. இத்தா எப்பயோ முடிஞ்சிட்டு, மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு எண்டு பள்ளி ஹஸறத்துச் சொல்லியும் கேக்கல்ல. எனக்கு அவரு மௌத்து இண்டைக்குத்தான் எண்டு இரிக்கா.”

கமீலாவோடு போனேன். இத்தாவில் இருப்பவளை நான் பார்க்கக் கூடாது. திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். உள்ளே இருப்பவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள் என்பதே ஆறுதலாக இருந்தது.

“ராத்தா... ஆர் வந்து சொன்ன?”

“என்ட மனிசன்தான், மாஸ்டர்.” குரலில் கோபமே இல்லை. “நனைஞ்சிபோய் வாசல்ல நிண்டாரு. உள்ள வாங்க எண்டன். வரல்ல. நீங்க அனுப்பின எண்டாரு.”

நான் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

“தான் மௌத்து எண்டு அது வரைக்கும் அவருக்கும் தெரியாதாம்.”