ஜெயசீலி ஒதுக்கி வைத்த இடம்

எங்கள் அலுவலகத்தில் ஜெயசீலியின் மேசைமேல் எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். ஒன்றிலிருந்து குடிப்பார். மற்றொன்றைத் திறக்காமலே மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போவார். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் சித்திரை வெயிலிலும் ரெயின்கோட் இருக்கும். கைப்பைக்குள் இன்னொரு பை மடித்துக் கிடக்கும். பதினாறு வருடமாகப் பக்கத்து மேசையில் உட்காரும் எனக்கு இதையெல்லாம் பார்த்தால் எரிச்சலாக வரும். என் பெயர் அச்சுதன். அந்த எரிச்சல் எப்படிப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் என் வண்டவாளமும் தண்டவாளம் ஏறும், பரவாயில்லை.

எங்களுடையது சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். கோவிலம்பாக்கத்திலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் கிளைகள் உண்டு. எங்கே ஊசி குத்தினாலும், முடிவு வந்து சேருவது எங்கள் மாடியில் ஏசி அறையில் இருக்கும் ஒரே ஒரு சர்வருக்குத்தான். அந்தச் சர்வருக்குப் பொறுப்பு ஜெயசீலி. அதன்மேல் ஓடும் ரிப்போர்ட் புரோகிராம்களுக்குப் பொறுப்பு நான்.

அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. அப்பா தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மகள் படித்தது தாவரவியல். நோயாளிகளின் பெயரை டைப் அடிக்கும் வேலைக்குத்தான் இங்கே சேர்ந்தார். அப்போதிருந்த சிஸ்டம் ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, புது ஆள் வரும்வரை சர்வரைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பதினேழு வருடமாகப் புது ஆள் வரவில்லை. இதற்குள் ஜெயசீலிக்குக் கல்யாணமாகி, சுஜி பிறந்து, சுஜி பத்தாம் வகுப்பும் முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் கணவர் சாலமன், சர்வரை இன்னமும் "உன் மூத்த பிள்ளை" என்றுதான் சொல்வார்.

அந்த மூத்த பிள்ளைக்கு முப்பத்திரண்டு ஜிபி மெமரி. அதில் அரை ஜிபியை ஜெயசீலி யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தார். காரணம் இதுதான். சர்வரை நடத்துகிற மென்பொருளின் மையப் பகுதியைக் கெர்னல் என்பார்கள். அது நிலைகுலைந்து விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். ஏன் விழுந்தேன் என்று சொல்லக்கூட அதற்கு வாய் இருக்காது. அதனால் சின்னதாக இன்னொரு கெர்னலை மெமரியின் ஒரு மூலையில் முன்கூட்டியே உட்கார வைப்பார்கள். பெரியது விழுந்ததும் சின்னது விழித்து, அந்த நேரத்தில் மெமரியில் இருந்ததை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மெஷினைத் திரும்ப ஓட விடும். அது உட்காருவதற்கான இடத்தை மெஷின் தொடங்கும்போதே, வேறு எதுவும் உள்ளே நுழைவதற்கு முன்பே, ஒதுக்கிவிட வேண்டும்.

எங்கள் மேனேஜர் வைத்தீஸ்வரன் ஒருமுறை அந்த அரை ஜிபி எங்கே போனது என்று கேட்டார். ஜெயசீலி அவருக்குத் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னார்.

"எங்க வீட்ல அரிசி அளந்ததும் முதல்ல ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பால போட்டுடுவோம் சார். மாசக் கடைசில அது சர்ச்சுக்குப் போகும். உலைல போட்டப்புறம் கைப்பிடி அரிசி எடுக்க முடியாதில்ல? இதுவும் அப்படித்தான்."

வைத்தீஸ்வரன் இதை ஏதோ வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதற்குமேல் கேட்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் புகைந்தேன். காலையில் கிளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்கும்போது என் புரோகிராம் திணறும். திட்டு எனக்கு விழும். இங்கே அரை ஜிபி சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறதே என்று வயிறெரியும். விழாத மெஷினுக்கு எதற்கு இந்த ஏற்பாடு என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு இரண்டாவது பாட்டிலை நேராக நகர்த்தி வைப்பார்.

போன ஜனவரி இருபத்திரண்டாம் தேதி அவருடைய நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். அலுவலகத்தில் பாதிப் பேர் போனார்கள். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லி நான் போகவில்லை. அன்றைக்கு மதியம் சர்வரை ஒருமுறை நிறுத்தி ஓட விடவேண்டியிருந்தது. பாஸ்வேர்ட் அவருக்கு அடுத்து என்னிடம்தான் உண்டு. கை அரித்தது. தொடக்கத்தில் மெஷின் படிக்கும், இடம் ஒதுக்கச் சொல்லும் ஒற்றை வரியில் அரை ஜிபிக்கு 512 என்று இருந்ததை 128 என்று மாற்றினேன். முழுசாகவா எடுத்தேன், கால்வாசி விட்டுத்தானே வைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிச்சமானதால் என் ரிப்போர்ட் ஒரு நொடிகூட வேகமாக வரவில்லை. அந்த வெட்கத்தில் பழையபடி மாற்றி வைக்கவும் தோன்றவில்லை. பிறகு அப்படியே மறந்துபோனேன்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சர்வர் விழுந்தது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கீழே வரிசையில் நிற்கிறார்கள். கிளைகளிலிருந்து மாதிரிகளை பைக்கில் கொண்டுவரும் தீனா கோவிலம்பாக்கத்திலிருந்து போன் செய்தார். "இன்னா சார், மெஷின் பட்த்துகிச்சா? ஜனங்க என்னாண்ட சண்டைக்கு வருது, ஒரே பேஜாரா கீது." ஜெயசீலி மட்டும் பதறவில்லை. மெஷினை எழுப்பிவிட்டு, சின்னக் கெர்னல் ஏதாவது எழுதி வைத்திருக்கும் என்று நம்பிக்கையோடு போய்ப் பார்த்தார். டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அதன் நிலையைப் பார்ப்பார். 'தயார்' என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் 'தயார்' என்றே காட்டியது.

வியாழக்கிழமை மறுபடி விழுந்தது. மறுபடியும் ஒன்றுமில்லை.

வைத்தீஸ்வரனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஏப்ரலில் ஜெயசீலி கெர்னலைப் புதுப்பித்திருந்தார், அதுதான் கோளாறு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முறையாகப் படித்த ஆட்கள் உள்ள ஒரு வெளிநிறுவனத்திடம் சர்வரை ஒப்படைத்துவிடலாம் என்று முதலாளி முடிவுக்கு வந்தார். மாதக் கடைசிக்குள் உண்மையான காரணத்தைக் காட்டினால் பார்க்கலாம், இல்லையென்றால் ஜெயசீலி ஜூன் முதல் வரவேண்டாம். பத்தொன்பது வருட வேலை, சின்னக் கெர்னல் எழுதி வைக்கவேண்டிய அந்த ஒரு பதிவில் வந்து நின்றது. அந்தப் பதிவு ஏன் கிடைக்கவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஆயிரம் சொல்லலாம். பயம்தான், வேறொன்றுமில்லை.

அடுத்த நாள் அவரே அந்த வரியைக் கண்டுபிடித்தார். நான் பக்கத்து மேசையில் கீபோர்டைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "நூத்தி இருபத்தெட்டுன்னு இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். சின்னது ஒவ்வொரு முறையும் விழித்திருக்கிறது. வேலை செய்ய இடம் போதாமல் அதுவும் விழுந்திருக்கிறது. தயார் என்ற வார்த்தையை மட்டும் பார்த்தேனே, அளவைப் பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். யார் மாற்றியது என்று கேட்கவில்லை. மறுபடி 512 என்று போட்டார். நான் துடைத்த கீபோர்டையே மறுபடி துடைத்தேன்.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் ஜெயசீலி. சோதனை என்றால், ஓடுகிற சர்வரை நாமே விழ வைப்பது. வைத்தீஸ்வரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இரண்டு தடவை விழுந்தது பத்தாதா என்றார்.

"விழ வெச்சுப் பாக்காம அது எழுந்துக்குமான்னு எப்படி சார் தெரியும்? இத்தனை வருஷம் நான் அதைச் செஞ்சு பாக்கல. அது என் தப்பு."

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம், கிளைகள் மூடிய பிறகு, ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். சர்ச் முடிந்த கையோடு, இளநீலப் பட்டுப் புடவையிலேயே ஜெயசீலி வந்தார். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். எப்போதும் ஓர் ஆள் சாப்பாடு கூடுதலாகத்தான் கட்டுவார். தரவுகளை எல்லாம் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு நொடி கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு, கட்டளையைத் தட்டினார். திரை உறைந்தது. விசிறி மட்டும் இரைந்தது. அரை நிமிடம் கழித்து, கறுப்புத் திரையில் சின்னக் கெர்னலின் முதல் வரி வந்தது. பிறகு சதவீதம் ஒவ்வொன்றாக ஏறியது. நூறைத் தொட்டதும் மெஷின் தானாக எழுந்தது. ஜெயசீலி என் பக்கம் திரும்பி, பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போலச் சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் சர்வர் விழாதா என்று காத்திருந்தோம். மெஷின் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்ட சிஸ்டம் ஆட்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். மே இருபத்தெட்டாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு விழுந்தது. பத்து நிமிடத்தில் தானாக எழுந்து ஓடியது. பதிவு முழுசாக இருந்தது. ஜெயசீலி அதை வரி வரியாகப் படித்தார். குற்றவாளி அவருடைய கெர்னல் இல்லை. மார்ச்சில் போட்ட புது டிஸ்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருள். மெமரியில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் எழுதப் போய் எல்லாவற்றையும் கவிழ்த்திருக்கிறது. கார்டு விற்றவர்களுக்கு அந்தப் பதிவை அனுப்பினார். அவர்களும் ஒப்புக்கொண்டு, திருத்திய டிரைவரை மறுநாளே அனுப்பினார்கள்.

ஆனால் முதலாளி விடவில்லை. அப்படியானால் முதல் இரண்டு முறை ஏன் பதிவாகவில்லை, இடத்தைக் குறைத்தது யார் என்று கேட்டார். ஜெயசீலியே குறைத்துவிட்டு மறந்திருப்பார் என்றார் வைத்தீஸ்வரன். கவனக்குறைவான ஆளிடம் சர்வரை எப்படி விடுவது? சனிக்கிழமை மதியத்துக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சனிக்கிழமை காலை நான் சீக்கிரமே வந்துவிட்டேன். ஜெயசீலியும் வந்திருந்தார். பிரிண்டரிலிருந்து மூன்று பக்கங்களை எடுத்துப் பின் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். "மேடம், அந்த 128..." என்று ஆரம்பித்தேன்.

அவர் மூன்றாவது பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

அதில் தன் தவறுகளை ஒளிக்காமல் எழுதியிருந்தார்: அளவைச் சரிபார்க்கவில்லை, முன்கூட்டியே சோதிக்கவில்லை. அதற்குக் கீழே, ஒதுக்கிய இடம் குறைக்கப்பட்ட தேதி: ஜனவரி 22. அதற்குக் கீழே, மாற்றியவர் பெயரும் காரணமும் என்று போட்டு நான்கு வரி வெற்றிடம் விட்டிருந்தார்.

"தேதி ஃபைல்லயே இருந்துது சார். எங்க வீட்டுக் கல்யாணம் அன்னிக்கு. நீங்க வேலை இருக்குன்னு வரலையே."

அந்த வரியைக் கண்டுபிடித்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு பரிமாறும்போதும் தெரிந்திருக்கிறது. ஏன் கேட்கவில்லை, மாட்டிவிட்டிருந்தால் வேலை தப்பியிருக்குமே என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் பிரிண்டர் பக்கத்தில் நின்று அழுதேன்.

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்க, அது வேற. நீங்களா வந்து சொல்றது வேற. பன்னெண்டு மணிக்குத்தான சார் குடுக்கணும். அதுவரைக்கும் இடம் விட்டு வெச்சிருந்தேன்."

பன்னிரண்டு வரை நான் வராமலிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கேட்டேன். வெற்றிடமாகவே கொடுத்திருப்பேன் என்றார். என் பெயரை எழுதுவது அவர் வேலை இல்லையாம்.

பேனா வாங்கி எழுதினேன். பெயர், தேதி, 512, 128, என் ரிப்போர்ட், என் அவசரம், கல்யாணத்துக்குச் சொன்ன பொய். நாலு வரி நிறைந்துவிட்டது. ஓரத்தில் எழுதினேன். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. இந்த வருடம் பதவி உயர்வு கிடையாது. ஜெயசீலி அதே மேசையில் அதே இரண்டு பாட்டில்களோடு இருக்கிறார். அன்று மாலையே சர்வர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். அதை எனக்குச் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று காலை, நான் பின்பக்கம்வரை எழுதி முடித்துக் கொடுத்த தாளை அவர் வாங்கி ஒருமுறை படித்தார். ஓரங்களில் நெருக்கியடித்து எழுதியிருந்ததைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நாலு வரி பத்தல போல சார்" என்றார். "அடுத்த தடவ கொஞ்சம் சேர்த்தே ஒதுக்கறேன்."