விட்டுப்போன ஒரு துண்டு

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் மாடி நடையில் "சேவியர்" என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன். செவிலியர் என்னைத் தாண்டி என் மனைவி ஜெசிந்தாவைப் பார்த்து, "அம்மாவுக்குத்தான டெஸ்ட்டு?" என்றார். சேவியர் என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பார்கள் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது.

திருமணமான நான்கு ஆண்டுகளில் அவளுக்கு எல்லாச் சோதனைகளும் முடிந்திருந்தன. ஒரு குறையும் இல்லை. என்னைச் சோதிக்க எந்த மருத்துவருக்கும் தோன்றவில்லை. அவள்தான் கேட்டுச் சீட்டு வாங்கினாள்.

அசூஸ்பெர்மியா (விந்தில் உயிரணுவே இல்லாத நிலை) என்று வந்தது. மதுரையில் மரபணுச் சோதனை செய்தார்கள். என் ஒய் குரோமோசோமில் (ஆண்களுக்கு மட்டும் உள்ள மரபணு இழை) சிறு துண்டு ஒன்று இல்லை. உயிரணு உண்டாகத் தேவையான துண்டு.

குஜிலியம்பாறைப் பக்கம் கிணறுகளில் மோட்டார் மாட்டுவது என் தொழில். "வெயில்ல அலையுறதாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. நீங்க கருவானப்பவே விட்டுப்போச்சு. எந்த மருந்தும் அதைத் திரும்பக் கொண்டுவராது."

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் ஆண்மை லேகிய டப்பா இருந்தால் குப்பையில் போடுங்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. கன்னிவாடியிலிருந்து என் தாய்மாமா கொண்டுவந்தார். விற்றவனுக்கு ஆண்மைக்கும் உயிரணுவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் வைத்தியன். அவனை நம்புகிற மாமா ஊரில் பெரிய மனிதர்.

மாமாவிடம் சோதனை முடிவை விளக்கிச் சொன்னேன்.

"நம்ம சொந்தத்துல ஆம்பளைக்கு இப்படியெல்லாம் வராது மாப்ளே. அவளத்தான் இன்னொருக்க நல்லாப் பாக்கணும்."

ஜெசிந்தா வந்து டப்பாவை அவர் கையில் திணித்தாள். "அப்ப இத நீங்களே தின்னுங்க பெரியப்பா." மாமா காப்பியைத் தொடாமல் போனார். நல்லது, காப்பி மிச்சம்.

விந்தில் வராவிட்டாலும் விரைக்குள் சில இருக்கலாம், அங்கிருந்து திசு எடுத்து உயிரணு தேடலாம், கிடைத்தால் அவள் கருமுட்டைக்குள் செலுத்தலாம் என்றார் மருத்துவர். மகன் பிறந்தால் அவனுக்கும் அந்தத் துண்டு இருக்காது. நான் தயங்கினேன்.

"இல்லாட்டிப் போகட்டும்" என்றாள் ஜெசிந்தா. "அவன்கிட்ட மொதல்லயே சொல்லிருவோம். அவன் பொண்டாட்டியவாச்சும் யாரும் பேசமாட்டாக."

கொஞ்சம் உயிரணுக்கள் கிடைத்தன. இரண்டு கருக்கள் உருவாயின. இரண்டும் தங்கவில்லை. மறுபடி வேண்டாம் என்றாள். ஊசிகளைத் தாங்கிய வயிறு அவளுடையது. சரி என்றேன். ஆனால் அன்று வண்டியை ஓட்ட முடியாமல் தொப்பம்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் நிறுத்தி அழுதேன்.

கல்யாண வீடுகளில் இன்னும் அவளிடம்தான் கேட்கிறார்கள், "விசேஷம் உண்டா?" என்று. "குறை எனக்குத்தான்" என்று நான் சத்தமாகச் சொல்கிறேன். கேட்டவர்கள் உடனே இலையில் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். அவர்கள் வீரம் அம்புட்டுத்தான்.

திசு எடுத்த இடத்தில் தையல் ஆறிவிட்டது. குளிக்கையில் தழும்பில் கை படும். பள்ளி மைதானத்தில் ஓடியதும், கிணற்றில் குதித்ததும், மணமேடையில் நின்றதும் இதே உடம்புதான். அப்போதும் அது இப்படித்தான் இருந்தது. நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டால் சொல்ல என்னிடம் தேதி இல்லை. குழந்தைக்குக் காத்திருந்தபோது எங்கள் மாதம் அவளுக்கு விலக்காகும் நாளில் முடியும். இப்போது அது எல்லார் மாதத்தையும்போல முப்பதாம் தேதியிலோ முப்பத்தொன்றிலோ முடிகிறது.