பேட்டரிக்கு இட்ட சந்தனம்

கழுவிய தகரத்தின் ஈரம் உலர்வதற்குள் அதன் மேல் அரைத்த சந்தனத்தைத் தடவினால் ஒரு மணம் எழும். அதோடு பெட்ரோல் வாடையும், எண்ணெய்ப் பிசுக்கும், அணைந்த சூடத்தின் புகையும் கலந்துவிட்டால் என்னைப் பொறுத்தவரை அதுதான் ஆயுத பூஜை. திருப்பூரில் நாங்கள் குடியிருந்த வீதியில் வீட்டின் முன்பாதி பனியன் கம்பெனியாகவும் பின்பாதி குடித்தனமாகவும் இருந்த காலம் அது. பூஜை நாளன்று பின்னல் இயந்திரங்கள், தையல் மெஷின்கள், கத்தரிக்கோல், தராசு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைப்பார்கள். படைத்த பொருளை மறுநாள் விஜயதசமியன்று "மறுபூசை" முடியும் வரை ஒருவரும் தொடக் கூடாது என்பது கட்டாயம். எங்கள் காரும் அந்தக் கட்டாயத்துக்கு உட்பட்டதே.

அது பழைய கறுப்புக் கார். தந்தையார் அதைப் பயணத்துக்காக வாங்கியதாக நான் நினைக்கவில்லை. கடனுக்கு நூல் கொடுப்பவர்கள் கணக்கைப் பார்ப்பதற்கு முன் வாசலைப் பார்ப்பார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். எங்கள் வீதியில் ஒருவருடைய கார் இரண்டு நாள் நகராமல் நின்றால், மூன்றாம் நாள் டீக்கடையில் "கம்பெனி படுத்துருச்சாட்ட இருக்குது" என்ற பேச்சு கிளம்பிவிடும். ஆகவே காரை வீதியில் தள்ளி ஸ்டார்ட் செய்வது எங்கள் வீட்டில் முற்றிலும் விலக்கப்பட்ட செயல். வேட்டி கலையாமல் நடந்தவர், உரக்கச் சிரித்து நான் கண்டிராதவர், அந்தக் கார் மட்டும் தம்மை ஊர் நடுவே கைவிடக் கூடாது என்று உள்ளூர அஞ்சியவர் அவர்.

நான் சொல்ல வந்த விஜயதசமியன்று அந்தக் கார் காங்கேயம் போக வேண்டியிருந்தது. என் அக்கா சரசுவை அங்கே தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தோம். முதல் பிரசவத்தைத் தங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர்கள் அனுப்பாமல் இருந்துவிட்டார்கள், குழந்தை தங்கவில்லை. இரண்டாம் முறை ஏழாம் மாதம் வளையல் அடுக்கியதும், பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்து, விஜயதசமி காலையில் ஒரு நல்ல நேரமும் குறித்துக் கொடுத்தார்கள். அதை விட்டால் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் பெண்ணைப் படி இறக்க மாட்டார்கள். ஒன்பதில் பயணமே ஆகாது. அன்று போய் அழைத்து வராவிட்டால் இந்தப் பிரசவமும் அங்கேதான் என்பது எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அம்மா ஒரு வாரமாகச் சரியாக உண்ணவில்லை.

அக்காவை ஏற்றி வரப்போகும் வண்டி என்பதால் அவ்வாண்டு தந்தையார் பூஜையைத் தம் கையாலேயே செய்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அவர் வேலை செய்து நான் பார்த்த ஒரே நாள் அது. பேட்டரியைக் கழற்றி, அதன் தலையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுநீர் ஊற்றிப் போக்கி, துடைத்து, மீண்டும் மாட்டினார். "கண்ணாடிக்கு மட்டும் பொட்டு வெச்சா ஆச்சா? உசுரு இருக்கற எடத்துக்கு வெக்கோணும்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு மாலை சாத்திக் கதவைச் சாத்திவிட்டார். மறுபூசை வரை சாவியைத் தொடவில்லை.

காலையில் மறுபூசை முடிந்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, அம்மாவும் நானும் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தபின் அவர் சாவியைத் திருப்பினார். "டொக்" என்று ஒரு ஓசை, அவ்வளவுதான். மீண்டும் திருப்பினார், மீண்டும் அதே ஓசை. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடந்தன.

முன்பக்கத்தில் கம்பி போட்டு இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் வழியும் இருந்திருக்கும். ஆனால் அந்த வண்டியில் கம்பி மாட்டும் இடம் தேய்ந்து, பயனற்றுப் போய் நெடுநாளாகியிருந்தது. வாடகைக் கார்கள் எல்லாம் பூஜைக்கு மறுநாள் மலைக்கோயில் சவாரிக்குப் போய்விட்டிருந்தன. எதிர்வீட்டுச் சாயப்பட்டறைக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "பிளக்குல தண்ணி பூந்திருக்குமுங்க, கழட்டிக் காயவெச்சாப் போச்சு" என்றார். தந்தையார் வாசற்கதவைச் சாத்தினார். அதன்பின் என்ன நினைத்தாரோ, தாம் ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதிருந்த என் தாய்மாமனை அழைத்துவரச் சொன்னார்.

மாமன் அடுத்த வீதிக்காரர். சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறிக்கூடத்து மோட்டார்களோடு மல்லுக்கட்டியே மின்சாரத்தைக் கற்றவர். வாய் ஓயாது. தந்தையாருடைய மௌனத்தைப் போலவே அவருடைய கேலியும் எங்கள் குடும்பத்தில் பெயர்பெற்றது.

"ஏனுங் மச்சான், நேத்து பொரி கடலை வெச்சுக் கும்புட்டீங்களே, வண்டி தின்னுபோட்டு இன்னும் எந்திரிக்கலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், சன்னலுக்குள் கைவிட்டு ஹாரனை நீளமாக அழுத்தினார். வீதி முழுவதும் அதிர்ந்தது. தந்தையார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊரைக் கூட்டறயா நீ?" என்று அம்மா பதறினாள்.

"சும்மா இருக்கா. ஆரன் இந்த அலறு அலறுதுன்னா பேட்டரிக்குள்ள சரக்கு இருக்குதுன்னு அர்த்தம்." பிறகு சாயப்பட்டறைக்காரருடைய யோசனையைக் கேட்டுச் சிரித்தார். "இஞ்சினைச் சுத்தியுடற செல்ப்பே சுத்தலீங்க. செல்ப் சுத்தி இஞ்சின் பிடிக்காமப் போனாத்தான் பிளக்கைப் பாக்கோணும். சோறு வேகறதுக்கு மின்னயே உப்புப் பத்தலைங்கறாரு அவரு."

அம்மாவைக் காருக்கு முன்னால் நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, தந்தையாரிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். "வெளக்கைப் பாத்துச் சொல்லுக்கா. மங்குதா, அணையுதா?"

"அணைஞ்சே போச்சு" என்றாள் அம்மா. சாவியை விட்டதும், "வந்துருச்சு, மறுக்கா பளிச்சுனு வந்துருச்சு" என்றாள்.

மாமன் அப்போதுதான் கேலியை நிறுத்தினார். விளக்கு மெல்ல மங்கினால் பேட்டரி நோஞ்சான். அடியோடு அணைந்து உடனே பழையபடி எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, வருகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்றார். விளக்குக்கும் ஹாரனுக்கும் இத்தனூண்டு மின்சாரம் போதும், இடுக்கு வழியாகக்கூட நுழைந்து வந்துவிடும். செல்ப்புக்கு அப்படியில்லை, அதற்கு வாசற்கதவையே திறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

தந்தையாரின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்கும் வாசலுக்குமாக அலைந்தது. பிறகு, வாழ்நாளில் சொல்லமாட்டார் என்று நாங்கள் நம்பியிருந்த ஒன்றைச் சொன்னார். "நேரமாகுது. கதவைத் தொறந்து நாலு பேரைக் கூப்பிடு. தள்ளிக்கலாம்."

"போறப்பத் தள்ளீட்டுப் போவீங்க. வழியில நின்னுபோச்சுன்னா, வாயும் வயிறுமா இருக்கற புள்ளைய எறக்கித் தள்ளச் சொல்லுவீங்களா?" என்றார் மாமன். இன்னும் சிலமுறை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியில் ஒயர்களைக் கவ்வி நிற்கும் இரண்டு பிடிகளையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று குளிர்ந்திருந்தது, மற்றொன்றைத் தொட்டவுடன் கையை உதறினார். "இங்கதான். சுடுது பாருங்க."

ஸ்பேனர் வைத்து அந்தப் பிடியைத் தளர்த்தி அவர் மேலே இழுத்தபோது, பேட்டரியின் காதாகிய ஈயக் குமிழைச் சுற்றிலும் பிடியின் உட்புறத்திலும் கெட்டியாக, காய்ந்து வெடித்த மண்போல, மஞ்சள் பூச்சு தெரிந்தது. நடுவில் குங்குமம். சந்தனமேதான். வெளியே இட வேண்டியதை, பிடியை மாட்டுவதற்கு முன்பே காதுக்கு வளைத்துப் பூசி, அதன் மேல் பிடி இறுக்கப்பட்டிருந்தது. ஈரமாக இருந்தபோது தெரியாத குற்றம் இராப்பொழுதில் உலர்ந்து கல்லாகியிருந்தது.

மாமன் நிமிர்ந்தார். "இது ஆரு வேலைங்க?"

வீதிக்காரர்கள் சிலர் அதற்குள் வாசற்கதவின் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அவசரத்துல நாந்தான் வெச்சுட்டனாட்ட இருக்குது" என்றாள். வெளியே யாரோ சிரித்தார்கள். தந்தையார் அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்து மாமன் பிடியை இறுக்கிய மறுகணம் வண்டி உயிர்பெற்றது. நாங்கள் புறப்பட்டோம். ஆனால் நல்ல நேரம் அதற்குள் முடிந்திருந்தது. காங்கேயம் சேரும் வரை அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். முன்னிருக்கையில் தந்தையாரின் பின்கழுத்து வியர்த்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

அங்கே அக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கூடத்துத் தூணருகே நின்றிருந்தாள். கட்டிவைத்த துணிமூட்டை பக்கத்தில் இருந்தது. அவளுடைய மாமியார் எங்களை அமரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, குறையின்றி உபசரித்து, தாமதத்துக்கு நாங்கள் சொன்ன காரணத்தையும் கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "கூட்டீட்டுப் போற வண்டியே கெளம்பாம நின்னுபோச்சுன்னா, சாமி வேண்டாங்குதுன்னுதானுங்க அர்த்தம். மொதப் புள்ளைக்கு ஆனது தெரியுமில்லீங்க. இது இங்கயே இருக்கட்டும்."

அவரிடம் துளியும் வன்மம் இல்லை. அதுதான் எங்களை நிலைகுலையச் செய்தது. அச்சம் எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த அம்மையாரின் குரல் காட்டியது. அக்கா குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அம்மா, "இல்லீங்க, நாந்தான் சந்தனத்தெ..." என்று ஆரம்பித்தாள்.

தந்தையார் எழுந்து நின்றார். ஆலை ஆட்கள் சிலர் வாசலில் இருந்தார்கள். அக்காவின் மாமனாரான சம்பந்தியும் அவர் தம்பிமாரும் இருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"சகுனமில்லீங்க. பேட்டரிக் காதுல சந்தனத்தைப் பூசி, அது மேல பிடியை மாட்டிப்போட்டேன். கரண்டு போகலை. பூசினது அவளில்லீங்க, நானு. சாமி ஒண்ணும் சொல்லலீங்க, முட்டாள்தனம் என்னுது."

முதலில் சம்பந்தியின் தோள்கள் குலுங்கின. பிறகு அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதற்கும் அடங்காமல் வெடித்துச் சிரித்தார். "ஏனுங் சம்பந்தி, காதுக்குச் சந்தனம் பூசுனீங்க, செரி. மூக்குத்தி ஒண்ணு குத்தியுட்டிருக்கலாமில்லீங்க?" ஆலை ஆட்கள் சிரித்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அக்கா சிரித்தாள். தந்தையார் மட்டும் சிரிக்காமல், தண்டனை பெறுபவரைப்போல் நின்றுகொண்டிருந்தார். அந்த மாமியார் உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். "மிசினுக் கோளாறுன்னா மிசினோட போகட்டுமுங்க. விசயதசமிக்கு நாள் பூரா நல்ல நேரந்தான். முடிச்சைப் போடு சரசு."

பெண் குழந்தை எங்கள் வீட்டில் பிறந்து, எங்கள் வீட்டில் தவழ்ந்தது. அந்தச் செய்திக்கு முன்பே மற்றொரு செய்தி எண்ணெய் ஆலையிலிருந்து நூல் கடைக்கும், அங்கிருந்து எங்கள் வீதிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தந்தையாருக்கு "சந்தனக்காரர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பல்லடத்துத் தறிக்காரர்கள்கூட அப்படித்தான் அழைத்தார்கள். பள்ளியில் என்னையும் "சந்தனக்காரர் புள்ள" என்றார்கள். அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். தந்தையாரோ அந்தப் பெயரை ஒருமுறையும் மறுக்கவில்லை, ஒருமுறையும் ரசித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் போனபின் நான் எங்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லியே என்னை அறிமுகம் செய்துகொண்டேன். குடும்பத்தின் மரியாதையைக் காப்பது என் பொறுப்பு என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

இப்போது அந்த வீதியில் குடித்தனம் என்று எதுவும் இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கம்பெனி; மதிய இடைவேளையில் அங்கே காதில் விழுவது இந்தி. சென்ற பூஜைக்கு மறுநாள் என் மகனுடைய கார் கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் ஏதோ எழுத்துகள் வந்தன. பேனட்டைத் திறக்க யாரும் முன்வரவில்லை. ஒரு வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போயிற்று; மாலையில் திரும்பி வந்தது. என்ன பழுது, யாரால் வந்தது என்று கேட்டேன். மகனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. நானும் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

தந்தையார் இல்லை, அம்மா இல்லை, மாமன் இல்லை, அக்காவும் போய்விட்டாள். அண்மையில் ஒரு திருமணத்தில், வரவேற்பில் நின்றிருந்த இளைஞர் ஒருவர், நூல் கடைக்காரர் குடும்பத்துப் பேரன் என்று அறிந்தேன், "யாரு ஊட்டுங்கம்மா நீங்க?" என்று கேட்டார். கம்பெனியின் பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக நானே சொன்னேன்: "சந்தனக்காரர் மகள்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், ஒரு கேலியாவது வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்து, "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்று பந்திக்கு வழி காட்டினார்.